ஆடாதோடை: ஜவ்வாது மலையடிவாரத்து இருமல் மருந்தின் வரலாறு

ஆடாதோடை தமிழகத்தின் வேலிகளிலும் மலையடிவாரங்களிலும் வளரும் ஒரு புதர்ச்செடி. இதன் இலை பல நூற்றாண்டுகளாக இருமலுக்கும் இரைப்புக்கும் மருந்தாகப் பயன்பட்டு வருகிறது. உலகெங்கும் இன்று விற்கப்படும் புரோம்ஹெக்சின், ஆம்ப்ராக்சால் ஆகிய இரண்டு இருமல் மருந்துகளும் இச்செடியின் வேதிப்பொருளை முன்மாதிரியாகக் கொண்டு உருவானவை. தமிழ் நிலத்து மூலிகைகளுள் கோயில் கல்வெட்டில் தொடங்கி ஜெர்மானிய ஆய்வகம் வரை வரலாற்றை ஏறத்தாழத் தொடர்ச்சியாகச் சொல்லக்கூடியவை மிகச் சில. ஆடாதோடை அவற்றுள் ஒன்று.

வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தி உள்ளது. 1967இல் தொடங்கப்பட்ட சிறு வன உயிரியல் பூங்காவும் மழைக்காலத்தில் நீர் பெருகும் அருவியும் இவ்வூரை வெளியூர்க்காரர்களுக்கு அறிமுகப்படுத்தியுள்ளன. உள்ளூர்க்காரர்களுக்கோ அமிர்தி என்றால் காடு. காடு என்றால் தேன், கடுக்காய், புளி, மூலிகை. மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினர் மலையாள மொழி பேசுவோர் அல்லர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் அப்பெயர் பெற்ற தமிழ் பேசும் மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் தம் முன்னோர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுக்கதை.

மழை ஓய்ந்து பனி இறங்கும் கார்த்திகை, மார்கழி மாதங்கள் மலையடிவார ஊர்களில் இருமல் காலம். அடுப்பில் மண்சட்டி ஏறும். ஆடாதோடை இலை, தூதுவளை, துளசி, கற்பூரவல்லி, கண்டங்கத்திரி எனக் கைக்கெட்டியது சட்டிக்குள் போகும். மிளகும் சுக்கும் கடையில் வாங்கியவை. தேன் மலையிலிருந்து வந்தது. இந்தச் சட்டியில் சேரும் ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரலாறு உண்டு. இக்கட்டுரை பெரும்பாலும் ஆடாதோடையைப் பின்தொடர்கிறது.

பெயரும் செடியும்

ஆடு தொடாத இலை என்பதால் ஆடுதொடா, ஆடாதொடை, ஆடாதோடை என்று பெயர் வந்ததாகக் கூறுவர். ஆடுமாடு கடிக்காது என்பதாலேயே உழவர்கள் இதை வேலியோரம் நட்டனர். நீண்ட ஈட்டி வடிவ இலை, கசப்புச் சுவை, வாய் திறந்தாற் போன்ற வெண்ணிறப் பூ ஆகியவை இதன் அடையாளங்கள். வடமொழி மருத்துவ நூல்களில் வாசா, வாசகா எனப்படும். தமிழ் நூல்களிலும் வாசை என்ற பெயர் உண்டு. மலையாளத்தில் ஆடலோடகம். சிங்களத்திலும் தமிழ்ப் பெயரை ஒத்த ஆடதோடா என்பதே வழக்கு.

இந்தத் தென்னாட்டுப் பெயர்தான் உலகத் தாவரவியலுக்குள் சென்றது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1670களில் இலங்கையில் பணியாற்றிய பால் ஹெர்மன் அங்குள்ள செடிகளைச் சேகரித்து உலர்த்தி வைத்தார். அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் அத்தொகுப்பு கார்ல் லின்னேயசின் கைக்குக் கிடைத்தது. இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1747இல் ஒரு நூல் எழுதிய லின்னேயஸ், 1753இல் வெளியிட்ட தமது பெரும் தொகுப்பில் இச்செடிக்கு ஜஸ்டிசியா ஆடதோடா என்று பெயரிட்டார். முதற்பாதி ஸ்காட்லாந்தின் தோட்டக்கலைஞர் ஜேம்ஸ் ஜஸ்டிசைக் குறிக்கிறது. பிற்பாதி ஆடு மேய்த்தவர்கள் வைத்த பெயர். இடையில் ஆடதோடா வாசிகா, ஆடதோடா சைலானிகா எனப் பெயர்கள் மாறியபோதும் அந்தச் சொல் மட்டும் மாறவில்லை.

திருமுக்கூடல் ஆதுலசாலை

ஜவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு, காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கூடுகிறது. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் (ஆட்சி: 1063–1070) காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. கோயிலைச் சார்ந்து நடந்த வேதக் கல்விச்சாலை, மாணவர் விடுதி, மருத்துவமனை ஆகியவற்றின் செலவுத் திட்டத்தை அது வரிவரியாகச் சொல்கிறது. மருத்துவமனையின் பெயர் வீரசோழன் ஆதுலசாலை. அதில் 15 படுக்கைகள் இருந்தன. ஒரு மருத்துவர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்துச் செடியும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர் என ஊழியர் பட்டியலும் உண்டு.

ஆதுலசாலையில் ஓராண்டுக்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகள் என்று சுமார் இருபது பெயர்களைக் கல்வெட்டு தருகிறது. அவற்றுள் ஒன்று வாசாஹரீதகி. வாசா என்றால் ஆடாதோடை, ஹரீதகி என்றால் கடுக்காய். இவ்விரண்டும் சேர்ந்த மருந்து இருமல், இரத்தம் கலந்த சளி போன்றவற்றுக்கு ஆயுர்வேதத்தில் கொடுக்கப்படுவது. தமிழகத்தில் ஆடாதோடை ஒரு மருத்துவமனையின் இருப்பில் இருந்ததற்கு இவ்வளவு தெளிவான சான்று வேறு எளிதில் கிடைக்காது. ஓலைச்சுவடிகள் படியெடுக்கப்பட்டுப் படியெடுக்கப்பட்டு வந்தவை. அவற்றின் காலத்தைக் கணிப்பது கடினம். கல்லில் வெட்டியது அப்படியே நிற்கிறது.

கல்வெட்டில் எழுதப்பட்ட மருந்துப் பெயர்கள் வடமொழிப் பெயர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். கோயில் சார்ந்த கற்ற மருத்துவரின் மருந்துப்பெட்டி அது. ஊரில் பாட்டிமார் காய்ச்சியதை யாரும் கல்லில் வெட்டவில்லை. ஆனால் இலையைப் பறித்து வந்த அந்த இருவர் வேலிகளையும் காடுகளையும் அறிந்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். கல்வெட்டு அவர்களுக்குரிய ஊதியத்தைச் சொல்கிறது. அவர்களின் பெயரைச் சொல்லவில்லை.

மருந்தின் பெயரில் நூல்கள்

இருமல் சட்டியில் விழும் பிற பொருள்களின் பழமைக்குத் தமிழ் இலக்கியமே சாட்சி. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் மூன்று மருந்தின் பெயரைத் தாங்கியவை. நல்லாதனாரின் திரிகடுகம் சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றைக் குறிக்கும். கணிமேதாவியாரின் ஏலாதி ஏலம், இலவங்கம், நாககேசரம், மிளகு, திப்பிலி, சுக்கு ஆகியவை சேர்ந்த சூரணத்தின் பெயர். காரியாசானின் சிறுபஞ்சமூலம் ஐந்து சிறு வேர்களைக் குறிக்கும். அவற்றுள் கண்டங்கத்திரி வேர் ஒன்று. அந்நூல்கள் அறம் கூறுபவை, மருத்துவ நூல்கள் அல்ல. மருந்து உடலுக்குச் செய்வதைத் தம் பாடல்கள் மனத்துக்குச் செய்யும் என்பது ஆசிரியர்களின் கருத்து. இந்த உவமை வாசகருக்கு உடனே புரிய வேண்டுமானால் அம்மருந்துகள் வீட்டுக்கு வீடு தெரிந்தவையாக இருந்திருக்க வேண்டும்.

கண்டங்கத்திரியும் தூதுவளையும் கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த முட்செடிகள். ஒன்று தரையோடு படரும், மற்றது வேலியில் ஏறும். தூதுவளை ரசமும் துவையலும் மருந்து என்று நினைக்காமலே உண்ணப்படுபவை. இவ்விரண்டையும் மிதமான ஆஸ்துமா உள்ளவர்களிடம் சோதித்த ஒரு சிறு முன்னோட்ட ஆய்வு 1999இல் வெளியானது. 300 மில்லிகிராம் பொடியை ஒருமுறை கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து மூச்சின் அளவைக் கருவியால் அளந்தனர். மூச்சு மேம்பட்டது, ஆனால் சால்பியூட்டமால், டெரிஃபிலின் ஆகிய வழக்கமான மருந்துகள் தந்த அளவுக்கு இல்லை. மரபு மருந்துகளைப் பற்றிய ஆய்வுகளில் இத்தகைய முடிவே பெரும்பாலும் கிடைக்கிறது. அம்மருந்துகளில் ஒன்றுமில்லை என்பாரும் எல்லாம் இருக்கிறது என்பாரும் இதனால் மகிழ்வதில்லை.

வறட்டு இருமலும் சளி இருமலும்

ஆடாதோடையை வறட்டு இருமலுக்கு மருந்து என்று பலரும் இன்று சொல்கின்றனர். இதில் ஒரு குழப்பம் உள்ளது. ஆடாதோடை இலையின் முதன்மைப் பணி கட்டிய சளியை இளக்கி வெளியேற்றுவது. சளியே இல்லாமல் தொண்டை வறண்டு, கரகரத்து, இரவெல்லாம் இருமும் நிலைக்கு வேண்டியது தொண்டையின் உட்புறத்தில் வழவழப்பாகப் படிந்து எரிச்சலைத் தணிக்கும் பொருள். தேன், பனங்கற்கண்டு, அதிமதுரம் ஆகியவை அவ்வகை.

சித்த மருத்துவத்தின் ஆடாதோடைக் குடிநீர் இதை உணர்ந்தே அமைக்கப்பட்டதாகத் தோன்றுகிறது. ஆடாதோடை இலையோடு அதிமதுரம், திப்பிலி, தாளிசபத்திரி ஆகியவற்றைச் சேர்ப்பர். இலை சளியை இளக்கும். அதிமதுரம் தொண்டையை ஆற்றும். திப்பிலி உடலில் வெப்பமூட்டும். சரக்குகளை இடித்து, பல மடங்கு நீர் விட்டு, நாலில் ஒன்றாகவோ எட்டில் ஒன்றாகவோ வற்றவைத்து வடிப்பது குடிநீர். அந்த நீரில் சர்க்கரையோ கற்கண்டோ சேர்த்துப் பாகுபதத்தில் இறக்கினால் மணப்பாகு. குடிநீர் அன்றன்றைக்குக் காய்ச்ச வேண்டியது. மணப்பாகு நாள்பட இருக்கும். பச்சை இலையை வெறுமனே இடித்தால் சாறு எளிதில் இறங்காது என்பதால் இலையை ஆவியில் வேகவைத்துப் பிழிவதும் வழக்கம்.

ஐரோப்பிய மருத்துவம் வறட்டு இருமலை வேறு வழியில் அணுகியது. தொண்டையை ஆற்றுவதற்குப் பதில் மூளையில் உள்ள இருமல் உணர்வை அடக்குவது அதன் வழி. அபினியிலிருந்து 1832இல் பிரெஞ்சு வேதியியலாளர் ரொபிகே பிரித்தெடுத்த கோடீன் அதற்கு உதவியது. 1898இல் ஜெர்மனியின் பாயர் நிறுவனம் ஹெராயினையே இருமல் மருந்தாக விற்கத் தொடங்கியது. அடிமைப்படுத்தும் அதன் இயல்பு தெரிந்த பின்னரே அது கைவிடப்பட்டது. கைவைத்தியத்தைப் பார்த்துச் சிரித்த காலத்தில் நவீன மருந்துக்கடையின் அலமாரியில் என்ன இருந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அதிமதுரமும் குன்றிமணியும்

அமிர்திக் காட்டில் அதிமதுரம் விளையாது. தமிழகத்தில் எங்குமே அது இயல்பாக வளர்வதில்லை. மேற்காசியாவிலும் நடு ஆசியாவிலும் விளையும் வேர் அது. கடல்வழியாகவும் தரைவழியாகவும் வந்து நாட்டுமருந்துக் கடையில் குச்சிகளாக அடுக்கப்பட்டது. நாட்டுமருந்து என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாம் உள்ளூரில் பறித்தது என்று எண்ணிவிடக்கூடாது. தாளிசபத்திரி இமயமலைச் சரக்கு. அக்கரகாரம் வடஆப்பிரிக்காப் பக்கத்தது. ஒரு குடிநீர்ப் பொட்டலத்தைப் பிரித்தால் பாதி ஆசியா உள்ளே இருக்கும்.

இறக்குமதி வேருக்குப் பணம் இல்லாதவர்கள் குன்றிமணிக் கொடியை நாடினர். இலையை மென்றால் இனிக்கும். வேரும் சிறிது இனிக்கும். அதனால் ஆங்கிலேயர் இதை இந்திய அதிமதுரம் என்றே அழைத்தனர். எட்வர்ட் வாரிங் தொகுத்து 1868இல் வெளியான இந்திய மருந்துநூலிலும் குன்றிமணி வேர் இடம்பெற்றது. ஆனால் கறுப்புமுனை கொண்ட அச்சிவப்பு விதை கொடிய நஞ்சு. அதிலுள்ள ஏப்ரின் என்னும் புரதம் மிகச் சிறிய அளவிலேயே உயிரைப் பறிக்கும். விதையை முழுதாக விழுங்கினால் ஓடு கெட்டியாக இருப்பதால் சில வேளை தப்பலாம். கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஒரே கொடியில் இனிப்பும் நஞ்சும் இருக்க, எந்தப் பாகத்தை எடுக்க வேண்டும் என்ற அறிவு கைமாறாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

அதிமதுரமும் முற்றிலும் தீங்கற்றது அன்று. 1940களில் ஒல்லாந்த மருத்துவர் ரெவர்ஸ் வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்த நோயாளிகள் சிலருக்கு முகமும் காலும் வீங்குவதைக் கவனித்தார். நாள்பட மிகுதியாக உட்கொண்டால் அதிமதுரம் உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பது பின்னர் உறுதியானது. இரண்டு மூன்று நாள் இருமலுக்கு ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வதற்கும் மாதக்கணக்கில் கஷாயம் குடிப்பதற்கும் வேறுபாடு உண்டு.

சென்னை மாகாணத்து மருந்து நூல்கள்

ஆங்கிலேய ஆட்சியின் மருத்துவர்களுக்கு உள்ளூர் மருந்துகளில் அக்கறை ஏற்பட்டதற்குக் காரணம் எளியது. கப்பலில் வரும் மருந்து தாமதமாக வரும், விலையும் அதிகம். கம்பெனியின் அறுவை மருத்துவரான விட்லா ஐன்ஸ்லி 1813இல் சென்னையில் அச்சிட்ட இந்துஸ்தானத்து மருந்துப்பொருள் நூல் கடைத்தெருச் சரக்குகளைத் தமிழ்ப் பெயர்களோடு பதிவுசெய்தது. அதை விரித்து 1826இல் இலண்டனில் இரு தொகுதிகளாக வெளியிட்டார். ஆடாதோடையும் அவர் கண்ணில் பட்ட சரக்குகளுள் ஒன்று. அதே காலத்தில் தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னர் (ஆட்சி: 1798–1832) தன்வந்திரி மகாலில் மருந்து முறைகளைத் தேர்ந்து எழுதிவைக்கச் செய்தார். சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் சரசுவதி மகால் நூலகம் பிற்காலத்தில் அவற்றை அச்சிட்டது.

இந்த வரிசையில் அதிகம் பேசப்படாத ஒருவர் முகைதீன் ஷெரீப். சென்னை திருவல்லிக்கேணி மருந்தகத்தில் பணியாற்றியவர். 1868ஆம் ஆண்டு மருந்துநூலுக்கு அவர் எழுதிய துணைநூல் 1869இல் சென்னையில் வெளியானது. ஒரு செடிக்குத் தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி, வடமொழி, அரபு, பாரசீகம் எனப் பல மொழிகளில் வழங்கும் பெயர்களை ஒப்பிட்டு, எந்தப் பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்று தீர்மானிப்பதே அந்நூலின் உழைப்பு. இது உலர்ந்த வேலையாகத் தோன்றலாம். ஆனால் பெயர் மாறினால் மருந்து மாறிவிடும். கடைக்காரர் ஒரு சரக்கைக் கேட்டதற்கு வேறொன்றைக் கொடுத்தால் நோயாளிக்கு என்ன நேரும் என்பதை அன்றாடம் பார்த்தவர் எழுதிய நூல் அது. அவர் எழுதி முடிக்காமல் விட்டுச்சென்ற சென்னை மருந்துப்பொருள் நூலை 1891இல் நிறைவுசெய்து பதிப்பித்தவர் டேவிட் ஹூப்பர்.

ஊட்டியில் பிரித்தெடுத்த வாசிசின்

ஹூப்பர் ஓர் ஆங்கிலேய மருந்தியலாளர். 1884இல் சென்னை அரசின் குயினைன் வேதியியலாளராக உதகமண்டலத்துக்கு வந்தார். நீலகிரியின் சிங்கோனாத் தோட்டங்களில் மரப்பட்டையின் தரத்தைச் சோதிப்பது அவருடைய அலுவல். மலேரியாவுக்குச் சிங்கோனாப் பட்டையிலிருந்து குயினைன் கிடைத்ததைப் போல இந்திய மூலிகைகளிலும் பிரித்தெடுக்கத்தக்க காரப்பொருள்கள் இருக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு இயல்பாகவே எழுந்தது. 1888இல் ஆடாதோடை இலையிலிருந்து ஒரு காரப்பொருளைப் பிரித்தெடுத்து, வாசா என்ற பெயரைத் தழுவி அதற்கு வாசிசின் என்று பெயரிட்டார். வில்லியம் டைமாக், வார்டன் ஆகியோருடன் சேர்ந்து அவர் 1889 முதல் வெளியிட்ட இந்திய மருந்துத் தாவர நூலும் இக்காலத்தது.

ஆடாதோடை இலை சிறு பூச்சிகளையும் பூஞ்சைகளையும் தடுப்பதை உழவர்கள் முன்பே அறிந்திருந்தனர். பழங்களை இவ்விலையில் பொதிந்து வைப்பதும், வயலில் தழையுரமாக மிதிப்பதும் வழக்கத்தில் இருந்தன. ஆடு தொடாததற்கும் பூச்சி அண்டாததற்கும் கசப்பான காரப்பொருள்களே காரணம் என்று வேதியியல் இப்போது விளக்கியது.

1925இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆர். என். சோப்ராவும் கோஷும் வாசிசினின் விளைவுகளை ஆராய்ந்தனர். மூச்சுக்குழலைச் சிறிதளவு விரிக்கும், சளியை இளக்கும் என்பதே அவர்கள் கண்டது. காசநோயைக் குணமாக்கும் என்று சிலர் கூறிவந்ததற்கு அங்கே ஆதரவு கிடைக்கவில்லை. வாசிசினின் மூலக்கூறு அமைப்பு 1930களில் தெளிவானது.

ஜெர்மனியிலிருந்து திரும்பி வந்த மருந்து

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியின் போரிங்கர் இங்கெல்ஹைம் குழுமத்தைச் சேர்ந்த தோமே நிறுவனத்து ஆய்வாளர்கள் வாசிசினை முன்மாதிரியாகக் கொண்டு செயற்கைச் சேர்மங்களைத் தொகுத்தனர். அவற்றுள் ஒன்றான புரோம்ஹெக்சின் 1963இல் பைசால்வான் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. உடலுக்குள் சென்ற புரோம்ஹெக்சின் மாற்றமடைந்து உருவாகும் பொருளே ஆம்ப்ராக்சால் எனக் கண்டு, அதைத் தனி மருந்தாக 1970களின் இறுதியில் வெளியிட்டனர். சளியின் பிசுபிசுப்பைக் குறைத்து எளிதில் வெளியேறச் செய்வதே இரண்டின் பணியும். ஆம்ப்ராக்சாலுக்குச் சிறிது மரத்துப்போகச் செய்யும் இயல்பும் இருப்பதால் ஐரோப்பாவில் தொண்டைவலிக்குச் சப்பும் மாத்திரையாகவும் விற்கின்றனர். 2015இல் ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்புகள் இவற்றால் அரிதாகக் கடும் தோல் ஒவ்வாமை நேரலாம் என்று எச்சரிக்கை சேர்த்தன.

இன்று தமிழகத்தின் எந்த மருந்துக்கடையிலும் சளி இருமலுக்கு விற்கும் புட்டிகளின் உறையில் இவ்விரு பெயர்களுள் ஒன்றைக் காணலாம். பக்கத்து வேலியின் இலை ஊட்டிக்குப் போய், கல்கத்தாவுக்குப் போய், ஜெர்மனிக்குப் போய், சிவப்புச் சாறாகத் திரும்பியிருக்கிறது. இதற்காகச் செடியை அறிந்து காத்த மக்களுக்கு எவரும் எதுவும் தரவில்லை. தரவேண்டும் என்ற சட்டமும் அன்று இல்லை. உயிரியல் பல்வகைமைக்கான உலக உடன்படிக்கை 1992இல்தான் உருவானது. இந்தியாவின் உயிரியல் பன்முகச் சட்டம் 2002இல் வந்தது. மரபறிவுக்கு வெளிநாட்டார் காப்புரிமை பெறுவதைத் தடுக்கத் தொடங்கிய மரபறிவு எண்ணிம நூலகத்தில் இப்போது சித்த மருத்துவ நூல்களின் செய்முறைகளும் சேர்க்கப்பட்டுள்ளன. ஆயினும் புரோம்ஹெக்சின் விஷயத்தில் திருட்டு என்ற சொல்லை எளிதில் பயன்படுத்திவிட முடியாது. அது இலையில் இல்லாத புதிய சேர்மம். அதை உருவாக்கப் பல ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது. நன்றிக்கடன் இருந்தது, அது செலுத்தப்படவில்லை என்பதே சரியான கணக்கு.

அரசு மருந்தாக

சென்னை மாகாண அரசு 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் நாட்டு மருத்துவம் குறித்து ஆராயக் குழு அமைத்தது. குழுவின் செயலாளர் ஜி. சீனிவாசமூர்த்தி. 1923இல் அளித்த அறிக்கையின் பயனாகச் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகிய மூன்றும் அங்கே கற்பிக்கப்பட்டன. சுவடியில் இருந்தவை பாடநூலாக வேண்டிய தேவை எழுந்தது. முருகேச முதலியாரின் குணபாட நூல் மூலிகைகளின் சுவை, வீரியம், செய்கை ஆகியவற்றை மாணவருக்காக ஒழுங்குபடுத்தியது. காவல் துறை அலுவலகத்தில் வேலை பார்த்த டி. வி. சாம்பசிவம் பிள்ளை தம் சொந்த முயற்சியில் பெரும் மருத்துவ அகராதி ஒன்றைத் தொகுத்தார். 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்தது.

1983இல் தமிழக அரசு நிறுவிய டாம்ப்கால் என்னும் மூலிகைப் பண்ணை, மருந்துக் கழகம் அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவுகளுக்கு மருந்து தயாரிக்கிறது. ஆடாதோடை மணப்பாகும் அவற்றுள் ஒன்று. 2020 ஏப்ரலில் கொரோனாப் பரவலின்போது அரசு அறிவித்த ஆரோக்கியம் திட்டத்தில் கபசுரக் குடிநீர் வீடுதோறும் பேசப்பட்டது. அதன் 15 சரக்குகளுள் ஆடாதோடை இலையும் கற்பூரவல்லி இலையும் உண்டு. அந்த மாதங்களில் வேலியோரச் செடிகள் மொட்டையான ஊர்கள் பல. ஆடாதோடை வெட்ட வெட்டத் தழைக்கும் செடி என்பதால் பிழைத்தது. வேருக்காகப் பிடுங்கப்படும் செடிகளுக்கு அந்த வசதி இல்லை.

அமிர்தி வனச்சரகம் வேலூர் வனக்கோட்டத்தைச் சேர்ந்த காப்புக்காடு. அங்கே எவரும் நினைத்தபடி மூலிகை பறிக்க இயலாது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கும் உரிமையைப் பழங்குடியினருக்கு வழங்குகிறது. ஜவ்வாது மலையின் கடுக்காய் மருந்துக்கு மட்டுமல்லாது தோல் பதனிடவும் தேவைப்பட்டது. மலைக்கு வடக்கே ஆம்பூரும் வாணியம்பாடியும் தோல் தொழிலால் வளர்ந்த ஊர்கள்.

பயன்பாட்டின் எல்லைகள்

வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். ஜம்முவில் இருந்த வட்டார ஆய்வகத்தில் அடல் முதலியோர் 1970களிலும் 1980களிலும் இதை விரிவாக ஆராய்ந்து, மகப்பேற்றின்போது பயன்படுத்தும் மருந்தாகவே இதை மேம்படுத்த முயன்றனர். எனவே கருவுற்ற பெண்கள் ஆடாதோடையை உட்கொள்ளக்கூடாது. கிராமத்து மருத்துவச்சிகள் இதை அறிந்திருந்தனர். பொட்டலத்தில் வாங்கிக் குடிப்பவர்களுக்கு எடுத்துச்சொல்ல அருகில் மருத்துவச்சி இல்லை. இச்செய்தி பெரிய எழுத்தில் அச்சாக வேண்டும்.

தேன் இருமலைத் தணிக்கும் என்பதை இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பே 2018இல் ஏற்றது. சாதாரணச் சளி இருமலுக்கு நுண்ணுயிர்க்கொல்லிக்கு முன் தேனை முயலலாம் என்றது. ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து நரம்புகளைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கலாம். குழந்தையின் நாவில் தேன் தடவும் பழக்கம் தமிழகத்தில் இன்றும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. மறுபுறம், கடையில் விற்கும் சாறு என்பதாலேயே பாதுகாப்பு என்றும் எண்ண இயலாது. 2022இல் இந்தியாவில் தயாரான இருமல், சளிச் சாறுகளில் நச்சுக் கரைப்பான் கலந்திருந்தது பற்றி உலக நலவாழ்வு அமைப்பு எச்சரித்தது. ஆப்பிரிக்காவின் காம்பியாவில் குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்த பின்னரே அந்த எச்சரிக்கை வந்தது.

காசநோயே இதில் மிகப் பெரிய ஆபத்து. இரத்தம் கலந்த சளிக்கு வாசாஹரீதகி கொடுத்த காலத்தில் அந்நோய்க்கு உலகில் எங்கும் உண்மையான மருந்து இல்லை. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம், நோயாளிகளை வீட்டிலேயே வைத்து மாத்திரையால் குணப்படுத்த முடியும் என்று காட்டி உலகின் நடைமுறையையே மாற்றியது. 1996இல் கிரேஞ்சும் ஸ்னெல்லும் வெளியிட்ட ஆய்வு, புரோம்ஹெக்சினும் ஆம்ப்ராக்சாலும் சோதனைக்குழாயில் காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பதைக் கண்டது. பழைய மருத்துவர்கள் முற்றிலும் தவறாகக் கணிக்கவில்லை என்பதற்கு அது ஒரு குறிப்பு. ஆயினும் சோதனைக்குழாயில் நடந்தது நோயாளியின் உடலில் நடப்பதாகாது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்கு, அது வறட்டு இருமலாயினும் சளி இருமலாயினும், காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது இந்தியாவின் தேசியத் திட்டத்தின் விதி. அப்பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். மலையூர்களிலிருந்து இறங்கி வருவதற்குப் பேருந்து கிடைப்பதுதான் பல வேளைகளில் கடினம். கஷாயச் சட்டி அடுப்பில் கூடுதலாக ஒரு மாதம் கொதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.